விடையைச் சொல்லாதீங்க

இந்த வருஷத்திலிருந்து நம் சபையில் வாழ்க்கைக் குறிப்பு எழுதும் வேலை உங்கள் மூன்று பேரிடம் வருகிறது. மூவரில் ஒருத்தி என் மகள் ஷீபா. வீட்டில் நான் அறிவுரை சொல்ல வாயைத் திறந்தாலே அவளுக்கு எங்கிருந்தோ போன் வந்துவிடும். அதனால் மற்ற இருவருக்கும் எழுதுகிற சாக்கில் அவளுக்கும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

வேலை இன்னதென்று உங்களுக்குத் தெரியும். நம் சபையில் ஒருவர் இறந்துபோனால், அடக்க ஆராதனையில் இரண்டாவது பாட்டு முடிந்ததும் ஒருவர் எழுந்து, இறந்தவரைப் பற்றி ஒரு பக்கம் வாசிப்பார். பிறந்த ஊர், ஞானஸ்நானம், திருமணம், பார்த்த வேலை, விட்டுச்சென்ற குடும்பம். அதை எழுதுவதும் வாசிப்பதும்தான் வேலை. சம்பளம் கிடையாது. விவரம் கேட்கப் போகும் வீட்டில் டீ கொடுப்பார்கள். சாவு வீட்டு டீ என்பதால் ஆறித்தான் இருக்கும். குடித்துவிடுங்கள். வேண்டாம் என்று சொன்னால் அதற்கும் வருத்தப்படுவார்கள்.

நான் பத்தாவது வரை படித்தவன். தினமும் மாரிகுப்பத்தில் ரயில் ஏறிப் பெங்களூர் போய், ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக வேலை பார்த்தே காலத்தைக் கழித்தவன். எழுத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டு விடாமல் இருந்தது. ஒரே செய்திதான். ஒருவர் சொன்னால் காது தானாக அந்தப் பக்கம் திரும்புகிறது. இன்னொருவர் சொன்னால் கொட்டாவி வருகிறது. செய்தி மாறவில்லையே, அப்படியானால் மாறியது எது? இந்தக் கேள்விக்குப் பதில் தேடிய கதையைத்தான் எழுதப் போகிறேன்.

எனக்கு முன்னால் இந்த வேலையைச் செய்தவர் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர். கணீரென்ற குரல். 'அன்னார்' என்று தொடங்கினால் கடைசி பெஞ்சில் குழந்தைக்கு விசிறிக்கொண்டிருக்கும் கைகூட நின்றுவிடும். எனக்கு அவர்மேல் அவ்வளவு பிரமிப்பு. அவருக்கு உடம்பு முடியாமல் போய் வேலை என்னிடம் வந்தபோது, அவருடைய சொற்களையும் சேர்த்தே எடுத்துக்கொண்டேன். 'பாசமிகு துணைவியார்', 'பண்பின் சிகரம்', 'இவ்வுலக ஓட்டத்தை முடித்து' எல்லாம் அவருடையவை. முக்கியமான இடத்தில் அவர் கண்ணாடியைக் கழற்றி ஒரு கணம் நிற்பார். எனக்கு அப்போது கண்ணாடி கிடையாது. அந்த இடம் வந்ததும் நான் மூக்கைத் தொட்டுக்கொண்டு நின்றேன்.

"அய்யா மாதிரியே எழுதுறீங்க" என்றார்கள். அதைவிடப் பெரிய பாராட்டு இருக்க முடியாது என்று நினைத்திருந்தேன். ஒருநாள் அடக்கம் முடிந்து வெளியே வரும்போது, போன மாதம்தான் கணவரைப் புதைத்திருந்த ஓர் அம்மா என் சட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

"ஏம்ப்பா, போன மாசம் எங்க ஊட்டுக்காரருக்குப் படிச்சதையே இவருக்கும் படிக்கிற? இவரு குடிக்கவே மாட்டாரு. எங்காளு சாவுற வரைக்கும் குடிச்சிகினு இருந்தாரு. ரெண்டு பேரும் இன்னா ஒரே பண்பின் சிகரம்?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்த அம்மா சிரிக்கவில்லை. அவர் கேட்டது நிஜமான கேள்வி என்று வீட்டுக்குப் போன பிறகுதான் உறைத்தது. பதில் தெரியாததால் அதை அப்படியே ஓரம் வைத்துவிட்டேன். பதில் தேடியே ஆகவேண்டிய நாள் சாமுவேல் இறந்தபோது வந்தது.

சாமுவேல் நம் சபைதான். நாற்பதைத் தாண்டியவர். பெங்களூரில் ஒரு பேக்கிங் கம்பெனியில் வேலை. என் ரயில், என் பெட்டி. ஒரு சனிக்கிழமை விடியற்காலையில் வேலைக்குக் கிளம்பியவர், செருப்பு மாட்டும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழவில்லை. மறுநாள் மதியம் அடக்கம் என்று முடிவாயிற்று.

விவரம் கேட்க அவர் வீட்டுக்குப் போனேன். மனைவி ரூபி அழுகைக்கு நடுவே ஊர், தேதி எல்லாம் சொன்னாள். கிளம்பலாம் என்று எழுந்தபோது, கட்டில் ஓரமாக உட்கார்ந்திருந்த மகள் என் பின்னாலேயே வாசலுக்கு வந்தாள். பெயர் கெசியா. ஐந்தாம் வகுப்பு. அழுது முடித்த முகம்.

"அங்கிள், நீங்களும் அப்பா போற ட்ரெயின்ல தான போறீங்க?"

"ஆமாம்மா."

"அப்பா அங்க இன்னா பண்ணுவாரு?"

எனக்குப் புரியவில்லை.

"நான் எழுந்துக்கறதுக்கு முன்னாடியே போயிடுவாரு. வர்றதுக்குள்ள நான் தூங்கிடுவேன். ஞாயித்துக்கெழம மட்டும் தான் நாங்க பேசுவோம். மத்த நாள்ல அப்பா எப்படி இருப்பாரு, எனக்குத் தெரியாது." பிறகு கேட்டாள். "நாளைக்கு சர்ச்சுல படிப்பீங்க இல்ல, அதுல சொல்றீங்களா?"

"சொல்றேம்மா" என்றேன்.

வாய் சொல்லிவிட்டது. தெருமுனைக்கு வந்த பிறகுதான் எனக்கு ஒன்றுமே தெரியாது என்பது தெரிந்தது. காரணம் வெட்கக்கேடானது. ரயிலில் நான் தூங்குகிற கட்சி. ஏறி உட்கார்ந்து துண்டை முகத்தில் போட்டால் ஒயிட்ஃபீல்டில்தான் கண் விழிப்பேன். சாமுவேல் ஒருமுறை என்னிடம் ஏதோ கேட்டார், நான் "தெரியாதுப்பா" என்று சொல்லித் துண்டை இழுத்துவிட்டுக்கொண்டேன் என்பது மட்டும் லேசாக ஞாபகம் இருந்தது. அவர் கேட்டது என்ன?

நேராக உரிகத்துக்குப் போனேன். எங்கள் பெட்டியில் சீட்டாடும் கூட்டத்துக்குத் தலைவர் முனிரத்தினம் அங்கேதான் இருக்கிறார். லேத் வேலை பார்ப்பவர், என் வயதுக்காரர். செய்தி கேட்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தார்.

"நேத்து சாயங்காலம் நம்ம கூட வந்த ஆளுய்யா" என்றார்.

"அவரப் பத்தி சொல்லு."

"நல்ல மனுஷன். யார் வம்புக்கும் போகாது."

"அத நான் எல்லாருக்கும் எழுதறேன். வேற?"

"வேற இன்னா? அமைதியான ஆளு."

"அதையும் எழுதிக்கினு தான் கீறேன். ட்ரெயின் ஏறுனா எங்க உக்காருவாரு? கையில இன்னா வெச்சிருப்பாரு?"

முனிரத்தினம் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "உக்காந்தா தான! அந்தாளு பெட்டி முழுக்க சுத்திகினு இருக்கும். கையில நல்ல சீட்டு வந்திருக்கும் பாரு, அப்பத் தான் வந்து தோளத் தட்டும். 'முனிண்ணா, ஒரு விடுகத சொல்லுங்க'ன்னு."

"விடுகதையா?"

"இது கூடத் தெரியாதா? நீ தான் சாம்பியன் ஸ்டேஷன் தாண்டறதுக்குள்ள செத்த பொணம் மாரி ஆயிடுவியே." சொன்ன பிறகு அந்தச் சொல் அவருக்கே சுட்டது. பிறகு அவராகவே எல்லாவற்றையும் சொன்னார்.

சாமுவேலுக்கு விடுகதை எதுவும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை மகளிடம் கேட்பதற்காக வாரம் முழுக்கப் பெட்டியில் ஆள் ஆளாகப் போய்ச் சேகரிப்பாராம். தமிழ்க்காரர்களிடம் விடுகதை, கன்னடக்காரர்களிடம் ஒகட்டு, தெலுங்குக்காரர்களிடம் பொடுப்புக் கதை. வேறு மொழியில் கிடைத்தால் ரயில் பெங்களூர் போய்ச் சேர்வதற்குள் தமிழுக்கு மாற்றிவிடுவார். ஆனால் ஒரு நிபந்தனை. விடையைச் சொல்லக் கூடாது.

"கையெடுத்துக் கும்புடும்ப்பா. 'அண்ணா, தயவு செஞ்சு விடைய மட்டும் சொல்லிடாதீங்கண்ணா, நானும் பாப்பாவும் சேந்து கண்டுபுடிக்கிறோம்'னு கெஞ்சும். திங்கக்கெழம வந்து அவங்க கண்டுபுடிச்சதச் சொல்லும். சரின்னா போயிடும். தப்புன்னா இன்னும் சந்தோஷம். 'அப்ப அடுத்த ஞாயித்துக்கெழமைக்கும் ஆச்சு'ன்னு சொல்லும்."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் முனிரத்தினத்திடம் அவர் கடைசியாக வாங்கியது இதுதான்: 'ஏறி உக்காந்தா ஓடும், எறங்கி நின்னா நிக்கும், காலு மட்டும் கெடையாது.'

"இதுக்கு விடை இன்னான்னா..."

"சொல்லாத!" என்று கத்திவிட்டேன். ஏன் கத்தினேன் என்று எனக்கே தெரியவில்லை.

"சரி தான். நீயும் அந்தக் கட்சியில சேந்துட்டியா?" என்று சொல்லி, முனிரத்தினம் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுதி முடித்தேன். எழுதியதில் எனக்கே பெருமை. ஷீபா அப்போது காலேஜில் படித்துக்கொண்டிருந்தாள். ஆராதனைக்குப் போட வேண்டிய துப்பட்டாவுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவளை நிறுத்தி வாசித்துக் காட்டினேன். "அன்னார் விடுகதைகளின்பால் தீராத நாட்டம் கொண்டு, சக பயணிகளோடு இனிதே அளவளாவி, தம் அருமைப் புதல்விக்கு அவற்றைப் பரிசாக அளித்து வந்தார்."

"யாருப்பா இது?"

"சாமுவேல் தான்."

"சாமுவேல் அங்கிள் மாதிரியும் இல்ல, உங்கள மாதிரியும் இல்ல. உங்க மேனேஜர் போன் பண்ணா எழுந்து நின்னு ஒரு குரல்ல பேசுவீங்க பாருங்க, அந்த மாதிரி இருக்குது."

எனக்குக் கோபம் வந்தது. "உனக்கு இன்னாடி தெரியும்? நடந்தது இன்னான்னு கேளு" என்று சொல்ல ஆரம்பித்தேன். முனிரத்தினத்தின் கையில் நல்ல சீட்டு வந்தது, சாமுவேல் தோளைத் தட்டியது, கும்பிட்டது, விடை தப்பென்றால் சந்தோஷப்பட்டது. சொல்லச் சொல்ல ஒரு வாசனை வந்தது. கருகல் வாசனை. ஷீபா இஸ்திரிப் பெட்டியைத் துப்பட்டாமேல் வைத்துவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஐயோ!" என்று துணியை இழுத்தாள். பெட்டியின் அடிப்பாகம் அப்படியே பழுப்பாக அச்சாகியிருந்தது. நான் திட்டு வாங்கத் தயாரானேன். அவள் அந்தக் கறையைப் பார்த்தபடியே, "இத எழுதுங்கப்பா" என்றாள்.

அந்தக் கருகிய துப்பட்டாவை வைத்து நான் ரொம்ப நேரம் யோசித்தேன். இரண்டு முறையும் சொன்னது ஒரே செய்தி. முதல் முறை நான் சொற்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சொல் கம்பீரமாக இருக்கிறதா, அய்யா சொல்வதுபோல் இருக்கிறதா என்று. இரண்டாவது முறை எனக்குச் சொல்லைப் பற்றிய நினைப்பே இல்லை. நான் பார்க்கத் தவறிய சாமுவேலை இவளாவது பார்த்துவிட வேண்டுமே என்ற அவசரம் மட்டும் இருந்தது. அவசரத்தில் வந்த குரல் என்னுடையதாக இருந்தது. அது நயமான குரல் இல்லை. கொஞ்சம் சுற்றி வளைக்கும், நடுவில் கேள்வி கேட்கும். பேச்சு வழக்கில் எழுதினால்தான் அது வரும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். நான் அந்தப் பக்கத்தை நல்ல தமிழில்தான் எழுதினேன். எனக்கு யாரிடமும் சொல்லிப் பழக்கமில்லாத வார்த்தைகளை மட்டும் எடுத்துவிட்டேன்.

இனிமேல்தான் கஷ்டம். வாசிப்பதற்கு முன் பக்கத்தைச் சபைச் செயலாளரிடம் காட்டுவது வழக்கம். சவப்பெட்டி கோயிலுக்குள் வந்துவிட்டது. மணி அடிக்கப் போகிறது. செயலாளர் படித்துவிட்டு என்னை ஓரமாக அழைத்தார்.

"சாவுல விடுகத போடறதா? இன்னா இது, பிள்ளைங்க விளையாட்டா?"

"அந்தப் பொண்ணு கேட்டுச்சு ஐயா."

"பொண்ணு கேக்கும். ரூபி மனசு இன்னா ஆவும்னு யோசிச்சீங்களா? நாலு பேரு சிரிச்சிட்டா அந்தம்மா தாங்குமா? வழக்கமா எழுதற மாரி ஒண்ணு எழுதியிருப்பீங்க இல்ல, அதையே படிங்க."

அவர் கெட்டவர் இல்லை. அவர் கேட்டது சரியான கேள்விதான். என் குரல் எனக்குக் கிடைத்துவிட்டது என்பதற்காக, அடுத்தவர் துக்கத்தின் நடுவில் நின்று அதை முழங்க எனக்கு உரிமை உண்டா? சட்டைப்பையில் முதலில் எழுதிய 'அன்னார்' தாள், கையில் புதுத் தாள். முதல் பாட்டு முடிந்தது. எனக்கு வேறு வழி தோன்றவில்லை. இரண்டாவது பாட்டு நடக்கும்போதே முன் பெஞ்சுக்குப் போய், ரூபியின் பக்கத்தில் குனிந்தேன்.

"ரூபி, சாமுவேல் ட்ரெயின்ல எப்படி இருப்பாருன்னு கெசியா கேட்டுச்சு. அத எழுதியிருக்கேன். கொஞ்சம் சிரிப்பு கூட வரும். படிக்கட்டுமா? வேணாம்னா வேணாம்."

அவள் பாட்டுப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "படிங்கண்ணா" என்றாள். "எனக்கும் தெரியாது."

கையில் இருந்த தாளையே வாசித்தேன். ஊர், தேதி எல்லாம் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, இப்படித் தொடர்ந்தேன்:

"கெசியா, உன் அப்பா ரயிலில் என்ன செய்வார் என்று கேட்டாய். நான் அதே பெட்டியில் தூங்கிக்கொண்டு போனவன். அதனால் விழித்திருந்தவர்களிடம் கேட்டுவிட்டு வந்து சொல்கிறேன். உன் அப்பாவுக்கு ஒரு விடுகதையும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை உன்னிடம் கேட்டதெல்லாம் கடன் வாங்கியவை. அதற்காக அவர் ஒரு நாளும் தன் இடத்தில் உட்காரவில்லை. சீட்டாட்டத்தைக் கெடுத்தார். சாப்பிடுகிறவர்களை நிறுத்தினார். தூங்குகிறவர்களை எழுப்பினார். என்னையும் ஒருமுறை எழுப்பினார். நான் எழுந்திருக்கவில்லை."

அப்போதுதான் வாசலைக் கவனித்தேன். முனிரத்தினமும் சீட்டாட்டக் கூட்டமும் செருப்பைக் கழற்றிவிட்டு நடைக்கு வெளியே நின்றிருந்தார்கள். 'சீட்டாட்டத்தைக் கெடுத்தார்' என்றபோது அவர்களில் ஒருவர் 'ஆமாம்' என்று முணுமுணுத்திருக்க வேண்டும். ரூபி திரும்பிப் பார்த்தாள். அவள் கணவரின் மற்ற நாட்கள் அங்கே வரிசையாக நின்றிருந்தன.

கடைசியில் அந்த வெள்ளிக்கிழமை விடுகதையை வாசித்தேன். "இதற்கு விடையை அவர் கேட்டுக்கொள்ளவில்லை. உன்னோடு சேர்ந்து கண்டுபிடிக்க வைத்திருந்தார். நானும் கேட்டுக்கொள்ளவில்லை" என்று முடித்தேன்.

ஆண்கள் பக்கம் யாரோ அடங்கிய குரலில், "ரயிலு" என்றார்கள்.

கெசியா திரும்பினாள். "ரயில் இல்ல. நாம எறங்குனாலும் ரயில் போய்க்கினே இருக்கும்."

அன்று முழுக்க அவள் சத்தமாகப் பேசியது அதுதான். யாரும் சிரிக்கவில்லை. எல்லாரும் யோசித்தார்கள். கல்லறைத் தோட்டத்துக்கு நடக்கும்போது செயலாளர் என் பக்கத்தில் வந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"விடை இன்னா?" என்றார்.

"தெரியாது ஐயா."

"தெரியாமலேயா படிச்சீங்க?"

"ஆமா."

கொஞ்ச தூரம் நடந்தார். "நாற்காலியா இருக்குமோ?" என்றார். பிறகு அவரே, "இல்ல, அதுக்கு காலு உண்டு" என்று சொல்லிக்கொண்டார்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன், மறந்துவிடுவேன். சாமுவேலுக்குப் பிறகு கொஞ்ச நாள் எனக்குத் தலைகால் புரியவில்லை. எல்லாருக்கும் அதே மாதிரி எழுதினேன், சிரிப்பும் கதையுமாக. ஒரு மருத்துவச்சி அம்மாவுக்கு எழுதியதைக் கேட்டுவிட்டு அவர் மகன் என்னிடம், "எங்கம்மா சிரிச்சே நான் பாத்ததில்ல. நீங்க உங்களைப் பத்தி எழுதியிருக்கீங்க" என்றார். அய்யாவின் சட்டையைக் கழற்றிவிட்டு என் சட்டையையே எல்லாருக்கும் மாட்டப் பார்த்திருக்கிறேன். சொந்தக் குரல் கிடைத்துவிட்டது என்று நினைக்கும்போதுதான் காது மந்தமாகிறது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒன்றும் தெரியாதவனாகவே போக வேண்டும். 'நல்லவர்' என்பார்கள். எழுதிக்கொள்ளாதீர்கள். 'எங்கே உட்காருவார்?' என்று கேளுங்கள்.

சில வாரம் கழித்து, கம்பெனியில் கையெழுத்துப் போடுவதற்காக ரூபி பெங்களூர் போக வேண்டியிருந்தது. கெசியாவையும் அழைத்துக்கொண்டு எங்கள் பெட்டியில் ஏறினாள். சீட்டாட்டக் கூட்டம் நகர்ந்து கெசியாவுக்கு ஜன்னல் ஓரம் கொடுத்தது. நான் துண்டை எடுக்கவில்லை. சாமுவேல் இறந்ததிலிருந்து நான் தூங்குவதில்லை என்று சொன்னால் பொய். அன்றைக்குத் தூங்கவில்லை.

பங்காருபேட்டை வரை வெளியே இருட்டு. அதற்குப் பிறகு வெளிச்சம் வந்தது. கெசியா கம்பியில் நெற்றியை வைத்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். வழியில் சிக்னல் கிடைக்காமல் ரயில் நின்றது. இளைஞர்கள் சிலர் கீழே குதித்துக் கை கால் நீட்டிக்கொண்டார்கள். அவள் அவர்களைப் பார்த்தாள், அவர்களுக்குப் பின்னால் நின்ற தைலமரங்களைப் பார்த்தாள். ஹாரன் அடித்தது, அவர்கள் ஓடிவந்து ஏறினார்கள், ரயில் நகர்ந்தது, நின்றிருந்த மரங்கள் பின்னால் ஓடத் தொடங்கின.

"மா!" என்று ரூபியின் கையைப் பிடித்தாள். பிறகு என்னைப் பார்த்து, பெட்டிக்கே கேட்கும்படி கத்தினாள். "அங்கிள், மரம்! மரம் தான்!"

நான் முனிரத்தினத்தைப் பார்த்தேன். அவர் கையில் இருந்த சீட்டைக் கவிழ்த்து வைத்தார். நல்ல சீட்டாகத்தான் இருந்திருக்கும்.

"சரி தான் பாப்பா" என்றார். "உங்கப்பாவுக்கு இது அடுத்த ஞாயித்துக்கெழம வரைக்கும் தாங்கியிருக்கும்."

ரூபி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எதிர் வரிசையில், தினமும் மாலூரில் ஏறிப் பூக்கூடையோடு வரும் அம்மா நடந்ததையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தார். அவருக்குத் தமிழ் கொஞ்சம்தான் வரும்.

"பாப்பா, நம்ம கிட்ட ஒந்து ஒகட்டு இருக்குது" என்று ஆரம்பித்து விடுகதையைச் சொன்னார். சொன்ன வேகத்தில், "அது இன்னான்னா..." என்று விடைக்கும் போய்விட்டார்.

கெசியா கையை நீட்டித் தடுத்தாள். "விடையச் சொல்லாதீங்க!"

நான் முனிரத்தினத்தின் காதருகில் குனிந்து, "அப்பாவாட்டமே இருந்திச்சு இல்ல?" என்றேன்.

அவர் கவிழ்த்த சீட்டை மறுபடியும் எடுத்து விரித்தார். "இல்லப்பா" என்றார். "அந்தாளு கெஞ்சும். இது அதட்டுது."